சீதனத்தில் சேராத பிறேக்

பேத்தாழைச் சாமித்தம்பியிடம் யாராவது "உங்கட வீடு எங்க?" என்று கேட்டால் அவர் கொஞ்ச நேரம் யோசிப்பார். மறதியால் அல்ல, விடை சரிவராததால். பனிச்சங்கேணியில் அவர் பிறந்த வீடு அக்காவின் சீதனமாய்ப் போனது. கலியாணம் முடித்து வந்து இருந்தது இராசாத்தியின் வீட்டில். அது இராசாத்திக்கு அவளுடைய தாய் எழுதிக் கொடுத்தது. இப்போது மகள் ஆர்த்திகாவுக்குக் கலியாணம் பேசத் தொடங்கியிருந்தார்கள். பேசி முடிந்தால் அந்த வீடும் வளவும் அவளுக்கு. தாயும் தகப்பனும் குசினிக்குப் பின்னால் உள்ள சின்ன அறைக்குப் போய்விட வேண்டும். மட்டக்களப்பில் எங்கள் பக்கத்து வழக்கம் இது. யாரும் இதை அநியாயம் என்று சொல்வதில்லை. சாமித்தம்பியும் சொன்னதில்லை. ஆம்பிளை என்பவன் ஒரு பெட்டியோடு வருகிறவன், பிறகு அந்தப் பெட்டியை அறை மாற்றி வைக்கிறவன், கடைசியில் பெட்டிக்குள்ளேயே போய்ப் படுக்கிறவன் என்று அவரே பகிடி விடுவார்.

ஆனால் அவருக்கென்று ஒன்றே ஒன்று இருந்தது. வளவின் மூலையில், கிடுகுக் கொட்டிலுக்குள் நின்ற மொறிஸ் மைனர் கார். காகித ஆலையில் லொறி ஓட்டிய காலத்தில், ஊரை விட்டு வெளிக்கிட்ட ஒரு வாத்தியாரிடம் வாங்கியது. இராசாத்தியைவிட அந்தக் காரைத்தான் அவர் அதிகம் துடைத்திருக்கிறார் என்று பக்கத்து வளவில் சொல்வார்கள். அது பொய். காரையும் அவர் பெரிதாகத் துடைத்ததில்லை. ஆனால் அக்காவும் பெண்சாதியும் மகளும் உரிமை கேட்க முடியாத ஒரு சாமான் இந்த உலகத்தில் தன் பெயரில் நிற்கிறது என்ற நினைப்பு அவருக்குச் சோறு மாதிரி.

கார் ஓடாமல் நின்றதற்குக் காரணம் அவரேதான். சண்டைக் காலத்தில் பிறேக் ஒயில் கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் ஆமிக்காரர் கொண்டுவர விடமாட்டார்கள். எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று சாமித்தம்பி தேங்காய் எண்ணெயை ஊற்றினார். முதல் நாள் பிறேக் நன்றாகப் பிடித்தது. அவரும் இதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு உள்ளேயிருந்த ரப்பர் எல்லாம் எண்ணெயில் ஊறி வீங்கிவிட்டது. கல்குடாவுக்குப் போகிற வழியில், மிதித்த பிறேக் பிடிக்காமல், கார் ஒருவருடைய ஆட்டுப்பட்டியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் நின்றது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாமித்தம்பியின் பெயருக்குத்தான் கொஞ்சம் காயம். அன்று கயிறு கட்டி இழுத்து வந்து கொட்டிலுக்குள் விட்டது. அதன் பிறகு அவ்வப்போது எஞ்சினை மட்டும் முடுக்கி, கொஞ்சம் உறுமவிட்டு நிறுத்துவார். எஞ்சினுக்கு உயிர் இருந்தது. சக்கரச் சில்லுகள்தான் உப்புக் காற்றில் இறுகி, தள்ளினாலும் அசையாமல் நின்றன.

ஆர்த்திகாவுக்குக் கலியாணப் பேச்சு வந்ததும்தான் அவருக்கு அந்தப் பிறேக்கைச் சரிபண்ணும் எண்ணம் வந்தது. வீடு போனால் போகட்டும். பின்னறையில் படுத்தெழும்பி, நினைத்த நேரம் காரை எடுத்துக்கொண்டு வாகரைப் பக்கமோ மட்டக்களப்புக்கோ போய் வரலாம். யாருடைய வீட்டிலும் குந்தியிருக்கத் தேவையில்லை.

இதைச் சொன்னால் இராசாத்தி ஏசுவாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அந்தக் காரைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கச் சொல்லித் தொண்டை வற்றியவள் அவள். ஆனால் அவள் கொட்டில் வாசலில் வந்து நின்று, "நல்ல விசயந்தானே, செய்யுங்க" என்றாள்.

சாமித்தம்பி காருக்குக் கீழேயிருந்து தலையை நீட்டி, "உனக்குக் காய்ச்சலாகா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன காய்ச்சல்? சும்மா நிண்டு உக்கிறதுக்கு ஓடினா நல்லந்தானே. தேத்தண்ணி வச்சிரிக்கன், குடிச்சிட்டுச் செய்யுங்க."

அதன் பிறகு தேத்தண்ணி நேரத்துக்கு நேரம் கொட்டிலுக்கே வந்தது. சில நாளில் பனங்கட்டியும் கூட வந்தது. வயது போகப் போகப் பெண்சாதிக்குத் தன் மேல் ஒரு பாசம் ஊறுகிறது என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

வேலை லேசானதல்ல. சில்லை அழுத்திப் பிடித்து நிறுத்துகிற பிறேக் சப்பாத்துகள் துருப்பிடித்து ட்றம்மோடு ஒட்டிப்போயிருந்தன. ட்றம் என்பது சில்லுக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டி. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, மரச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். பலமாக அடித்தால் வார்ப்பிரும்பு வெடிக்கும். மெதுவாக அடித்தால் அது சட்டை செய்யாது. முதல் ட்றம் கழன்று வந்தபோது, உள்ளே தேங்காய் எண்ணெய் குடித்த ரப்பர்கள் தொதல் இனிப்பு மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன. சாமித்தம்பி அதை விரலில் எடுத்து மணந்து பார்த்து, தன்னைத்தானே ஒரு கெட்ட வார்த்தையால் ஏசினார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளிலும் அவர் காருக்குக் கீழேதான் கிடந்தார். வெள்ளைச் சேட்டுப் போட ஆயத்தமாகத்தான் இருந்தார். இராசாத்தியின் தம்பி தங்கராசாதான் வந்து தடுத்தான். கலியாணப் பேச்சில் தாய்மாமன் வாய்க்குத்தான் மதிப்பு. அது தங்கராசாவுக்குக் கொஞ்சம் கூடவே தெரியும்.

"மச்சான், நீங்க வந்து சும்மா குந்திக்கிட்டிருந்து என்ன செய்யப் போறீங்க? உங்கட வேலையப் பாருங்க. கதைக்கிறத நாங்க கதைக்கிறம்."

"அப்ப நான் வரத் தேவல்லையா?"

"தேவெண்டாக் கூப்பிடுறன்."

சாமித்தம்பிக்கு அது பெரிய நிம்மதி. சீதனப் பேச்சில் தகப்பன்மார் விசிறிக்கொண்டு இருப்பதையும் கடைசியில் தலையாட்டுவதையும் அவர் பல வீடுகளில் பார்த்தவர். உள்ளே பேச்சு நடந்தது. வெளியே சுத்தியல் நடந்தது. கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் தகப்பன் வெற்றிலையை மென்றுகொண்டு கொட்டிலுக்கு வந்தார். மாப்பிள்ளை நிதுர்ஷனும் பின்னாலேயே வந்தான். கல்குடாக் கடற்கரைப் பக்கம் சின்னச் சாப்பாட்டுக்கடை நடத்துகிற பெடியன். வெள்ளைக்காரரோடு பழகிப் பழகிச் சிரிப்பு மட்டும் எப்போதும் முகத்தில் நிற்கும்.

"சில்லு சுத்துமா?" என்று மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டார்.

"சுத்தாம என்ன? இன்னும் கொஞ்ச நாள்ல ரோட்டுக்கு இறக்கிக் காட்டுறன். நீங்களே ஏறிப் பாருங்க."

"அப்ப சரி. உங்கட வாயால சொன்னாச் சரிதான்."

நிதுர்ஷன் காரைச் சுற்றி நடந்து, கைப்போனில் படம் எடுத்தான். பின்னால் நின்ற தங்கராசா காரணமில்லாமல் இருமினான். சாமித்தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. சம்பந்தி வீட்டார் கூடத் தன் காரை வந்து பார்க்கிறார்களே என்று அன்று பின்னேரம் ஒரு ட்றம்மை இன்னும் கவனமாகக் கழற்றினார்.

உண்மை அவருக்கு ஓட்டமாவடியில்தான் கிடைத்தது. அங்கே முகைதீன்பாவா கார்ச் சாமான் கடை வைத்திருக்கிறார். கடையில் சாமானைவிடக் கதை கூட. ரப்பர், சிலிண்டர், ஒயில் எல்லாம் அவரிடம்தான் சாமித்தம்பி ஒவ்வொன்றாக வாங்கினார். சப்பாத்துக்கு ஒட்டுகிற லைனர் வாங்கப் போன நாளன்று முகைதீன்பாவா உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார்.

"சாமித்தம்பியண்ணன், இது நல்ல சாமான். மருமகனுக்குக் குடுக்கிற கார், பொறகு ஒங்கள ஏசப்படாது."

"ஆருக்குக் குடுக்கிற?"

"மருமகனுக்குத்தான். அவரு நேத்தும் வந்து சிவப்புல சீற் கவர் கேட்டுட்டுப் போறாரு."

சாமித்தம்பி லைனரைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாவா, நீ என்ன சொல்லுறாய்?"

முகைதீன்பாவாவின் முகம் மாறியது. "சீதனத்துல காரும் எண்டு ஊருக்கே தெரியும் அண்ணன். ஒங்களுக்குச் செல்லல்லையா?" பிறகு அவரே, "நான் ஒண்டும் செல்லல்ல. நீங்க ஒண்டும் கேக்கல்ல" என்று சொல்லிவிட்டு, மேசையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

சாமித்தம்பி லைனரை வாங்கினார். ஏன் வாங்கினார் என்று அவருக்கே விளங்கவில்லை. ஓட்டமாவடிப் பாலத்தில் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வந்தார். இத்தனை நாளாய் வந்த தேத்தண்ணி, பனங்கட்டி, "நல்ல விசயந்தானே, செய்யுங்க" என்ற சொல், தங்கராசாவின் இருமல், எல்லாம் ஒவ்வொன்றாக நெஞ்சுக்குள் திரும்பி வந்து புளித்தது. அவர்கள் காரைக் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்கே தெரியாது. இல்லை என்றிருக்கலாம். அழுதுவிட்டு ஓம் என்றுமிருக்கலாம். கேட்கவேயில்லை. கதிரையைத் தூக்கி வேறு இடத்தில் வைக்கும்போது அதில் இருக்கிறவனை எழும்பச் சொல்வார்களே, அது கூட இல்லை.

வீட்டில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. லைனரை ஒட்டினார். சப்பாத்துகளை மாட்டினார். ட்றம்களைப் பூட்டினார். மிஞ்சியது குழாய்களுக்குள் இருக்கும் காற்றை எடுக்கிற வேலை. அதை ஒரு ஆளாகச் செய்ய முடியாது. ஒருவர் மேலேயிருந்து பிறேக்கை மிதிக்க வேண்டும். மற்றவர் கீழே கிடந்து, ஒவ்வொரு சில்லிலும் உள்ள சின்னத் திருகாணியைத் திறந்து காற்றை வெளியே விட்டுப் பூட்ட வேண்டும். பூட்டும்வரை மேலே இருக்கிறவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. குரல் மட்டும்தான்.

"இராசாத்தி, வாகா. காலுக்கு வேலை இரிக்கு."

இராசாத்தி சேலையைச் செருகிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். அவள் அதில் ஏறி இருந்தது அதுதான் முதல் தடவை.

"மிதி."

"மிதிச்சிட்டன்."

"அமத்திப் பிடி. ம். விடு."

தூரத்துச் சில்லில் தொடங்கினார்கள். போத்தலுக்குள் விட்ட குழாயில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. வேலை நன்றாகத்தான் போனது. கலியாணம் முடித்த இத்தனை காலத்தில் அவர்கள் இப்படிச் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போனதில்லை. அதுதான் சாமித்தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"மிதி. அமத்திப் பிடி" என்றவர், திருகாணியைத் திறந்துவிட்டு, கீழே கிடந்தபடியே கேட்டார். "காரை ஆருக்குக் குடுக்கிறதாக் கதைச்சீங்க?"

மேலே இருக்கைக் கம்பி கிறீச்சிட்டது.

"உன்னைத்தான் கேக்கிறன். காலை எடுத்திராத. அமத்திக்கிட்டே சொல்லு."

"ஆரு சொன்ன உங்களுக்கு?"

"ஊரே சொல்லுது. நீ மட்டுந்தான் சொல்லல்ல."

"தம்பிதான் கதைச்சது. அவங்க கேட்டாங்க. வேற என்ன குடுக்க இரிக்கு நம்மளுக்கிட்ட?"

"நம்மளுக்கிட்ட இல்ல. எனக்கிட்ட. அது என்ட கார்."

"உங்களுக்கிட்டக் கேட்டா ஓம் எண்டு சொல்லியிருப்பீங்களா?"

"கேட்டாயா?"

"மாப்பிள்ளைட அப்பா வந்து கேக்கக்குள்ள, ரோட்டுக்கு இறக்கிக் காட்டுறன் எண்டு சொன்ன நீங்கதானே! அவங்க அதத்தான் வாக்கா எடுத்தாங்க."

சாமித்தம்பிக்கு அப்போதுதான் அந்த நாள் முழுதாக விளங்கியது. எழும்பப் பார்த்து, காரின் அடியில் நெற்றியை இடித்தார். போத்தல் சரிந்தது. இராசாத்தி பதறிக் காலை எடுத்துவிட்டாள். குழாய் காற்றை உறிஞ்சுகிற சத்தம் களக் களக்கென்று கேட்டது. காலையிலிருந்து செய்த வேலை எல்லாம் ஒரு நிமிசத்தில் வீணாய்ப் போனது.

"இறங்கு" என்றார்.

அவள் இறங்கினாள். போகும்போது, "தேத்தண்ணி" என்று தொடங்கியவள், மிச்சத்தைச் சொல்லாமல் போய்விட்டாள்.

மறுநாள் அவர் கொட்டில் பக்கம் போகவில்லை. வாவிக்கரையில் வலை பிரிக்கிறவர்களோடு இருந்துவிட்டு வந்தார். அங்கேயும் அவரைக் கண்டதும் அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த நாள் காலையில் போனபோது, ஓட்டுநர் இருக்கையில் ஆர்த்திகா ஏறியிருந்தாள். செருப்பைக் கழற்றி வெளியே வைத்திருந்தாள்.

"சொல்லுங்க அப்பா. எப்ப மிதிக்கிற, எப்ப விடுற?"

"உனக்கும் தெரியுமா புள்ள?"

"ஓம்."

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. பிறேக்கில் காலை வைத்துக்கொண்டு, "வீட்டை எழுதினா நீங்க ஒண்டும் சொல்லல்ல. காரெண்டா மட்டும் ஏனப்பா இவ்வளவு?" என்றாள்.

"வீடு என்டதில்லையே மகள்."

சாமித்தம்பி கீழே படுத்தார். இவள்தான் இதில் ஏறிப் போகப் போகிறாள், பிறேக் பிடிக்காவிட்டால் இவள் தலைதான் உடையும் என்று மட்டும் நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு ஒன்றை வைத்துத்தான் வேலை நடந்தது. மிதி, பிடி, விடு. வேறு சொல்லில்லை. கடைசிச் சில்லும் முடிந்தபோது பிறேக் கல் மாதிரி நின்றது.

அன்றே காரை ரோட்டுக்கு இறக்கினார். தனியாகத்தான் போனார். கல்குடாப் புகையிரதக் கடவைக்குக் கிட்ட ஒரு எருமை நடு ரோட்டில் ஏறியது. மிதித்தார். நாலு சில்லும் ஒரேயடியாய்ப் பிடித்து, கார் நேராய் நின்றது. எருமை அவரைப் பார்த்தது. அவர் எருமையைப் பார்த்தார். இந்தச் சந்தோசத்தைப் பங்குபோட வேறு ஆளில்லை.

திரும்பி வரும்போது நிதுர்ஷனும் தங்கராசாவும் வாசலில் நின்றார்கள். சாமித்தம்பி இறங்கி, சொல்ல வேண்டியதைச் சொன்னார். பெருமையை விழுங்கத்தான் பார்த்தார். ஆனால் குரலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, பிறேக் புதுசு. முதல்ல கொஞ்ச நாளைக்கு மெதுவா ஓடுங்க. லைனர் ட்றம்மோட படியவேணும். ஒயில் குறைஞ்சா எனக்கிட்டக் கேளுங்க, வேற எண்ணெய் ஊத்திராதீங்க."

நிதுர்ஷன் அதே சிரிப்போடு, "நாங்க ஓடப் போறல்ல மாமா" என்றான்.

"மறுகா என்ன செய்யப் போறீங்க?"

"கடைக்கு முன்னுக்குக் கல்லு வச்சு ஏத்தி நிப்பாட்டப் போறன். சிவப்பு பெயின்ற் அடிச்சு, உள்ளுக்குப் பூச்சாடி வச்சா வெள்ளைக்காரர் வந்து படம் எடுப்பாங்க. லொறியில ஏத்தச் சில்லு சுத்தினாக் காணும். அதுக்குத்தான் அப்பா அண்டைக்குக் கேட்ட."

தங்கராசா இந்த முறை இருமவில்லை. நிலத்தைப் பார்த்தான். அவனுக்கும் இது தெரிந்திருந்தது. குசினி வாசலில் நின்ற இராசாத்தியைச் சாமித்தம்பி பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் தெரியும். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த ஒவ்வொரு தடவையும் தெரிந்திருக்கிறது. சில்லைச் சுத்தவிட்டால் போதும், மிச்சம் தேவையில்லை என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. காரைக் கேட்காமல் எடுத்ததைவிட இதுதான் அவருக்கு ஆழமாய்க் குத்தியது.

"எப்ப லொறி வருகுது?" என்று மட்டும் கேட்டார்.

"நாளைக்குப் பின்னேரம் மாமா."

"நல்லது."

மறுநாள் விடிந்ததும் அவர் காரை ஜக் வைத்துத் தூக்கி நிறுத்திச் சில்லுகளைக் கழற்றினார். ட்றம்மைக் கழற்றினார். லைனர் ஒட்டிய சப்பாத்துகள், சிலிண்டர்கள், ரப்பர்கள், குழாய்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து ஒரு சாக்குக்குள் போட்டார். ஒயிலைப் போத்தலில் வடித்தார். பிறகு வெறும் ட்றம்மைத் திரும்பப் பூட்டி, சில்லுகளை மாட்டினார். ஒரு விரலால் தட்ட, சில்லு கோவில் திருவிழாவில் ராட்டினம் மாதிரிச் சுழன்றது. தங்கராசா ஓடி வந்தான்.

"மச்சான், என்ன வேலை இது! வாக்குக் குடுத்த சாமானல்லவா!"

"சில்லு சுத்தும் எண்டுதான் வாக்கு. நீ வந்து சுத்திப் பாரு."

"பிறேக்?"

"பிறேக்கை ஆராவது சீதனத்தில கேட்டீங்களா? கேட்டிருந்தாச் சொல்லு, திரும்பப் பூட்டுறன்."

தங்கராசா அக்காவைப் பார்த்தான். இராசாத்தி ஆர்த்திகாவைப் பார்த்தாள். ஆர்த்திகா, "விடுங்க மாமா" என்றாள். பின்னேரம் லொறி வந்தது. சாமித்தம்பி நிதுர்ஷனைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "தம்பி, இதில பிறேக் இல்ல. ஆரும் ஏறி ஓடப்படாது. கல்லு வச்சு நிப்பாட்டுங்க" என்று சொன்னார். உரிமை மாற்றும் கையெழுத்தையும் போட்டார். கொட்டில் வெறுமையானதைப் பார்க்க அவர் நிற்கவில்லை.

கலியாணம் நன்றாக நடந்தது. கறி பற்றி ஊரில் ஒரு குறையும் இல்லை. வெறும் கொட்டிலுக்கு முன்னால் நின்று குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டதற்குச் சாமித்தம்பி போகவில்லை என்பதையும் ஊர் கவனித்தது. அடுத்த கிழமை அவரும் இராசாத்தியும் பின்னறைக்குப் போனார்கள். அறைக்குள் ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும்தான். சாக்கு கட்டிலுக்குக் கீழே போனது.

இராசாத்தி படுக்கையை விரித்துக்கொண்டே மூக்கைச் சுருக்கினாள். இந்தக் கொஞ்ச நாளாக அவள் அவரோடு கதைப்பது குறைவு. கதைத்தாலும் சுற்றி வளைத்துத்தான்.

"இஞ்ச பாருங்க, அது ஒயில் மணக்குது. அந்தச் சாக்கை வெளிய வைங்களன்."

சாமித்தம்பி கட்டிலில் சாய்ந்தபடி முகட்டைப் பார்த்தார்.

"வெளிய எங்ககா வைக்கிற?" என்றார். "வெளியும் மகள்டதானே."

இராசாத்தி குனிந்து, சாக்கின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு, விளக்கை அணைக்காமலே மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.